மாமா பேரில் ஒரு மிஷின்

தேவனூர் நாடு, கொல்லிமலை
2-8-2008

அன்பான கண்ணு கலைச்செல்விக்கு,

உன் மாமன் பெண்டாட்டி கண்ணாயி அத்தை எழுதிக்கொண்டது. இங்கே நானும் சுகம், சிவப்பி மாடும் சுகம், நீ வேலை பார்க்கிற சேலத்து ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்த மூச்சு மிஷினும் சுகம். அங்கே நீயும் உன் ஊட்டுக்காரரும் பாப்பாவும் சுகமாக இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். மிஷினும் சுகம் என்று எழுதினேன் இல்லையா, அதில் கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். வருகிற பதினாலாம் தேதி மூன்று மாதக் கெடு முடிகிறது. ஒரு ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது முகமூடி மாட்டித் தூங்கினதாக மிஷினுக்குள் பதிவு இருந்தால் அது எனக்கே, இல்லாவிட்டால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே புதிதாக மிஷின் வாங்கினவர்களின் கூட்டமும் இருக்கிறது, அதில் நீங்கள் எழுந்து மிஷினோடு எப்படிக் குடித்தனம் பண்ணுகிறீர்கள் என்று பேச வேண்டும் என்று நீ போனில் சொன்னாய். இரண்டும் வேண்டாம் கண்ணு. மிஷினை நானே பையில் போட்டு எடுத்து வந்து கொடுத்துவிடுகிறேன். பேசுவதற்கு வேறு ஆள் பார்.

ஏன் என்று கேட்பாய். முதலில் தண்ணீர். மூக்கு வறண்டு போகாமலிருக்க மிஷின் டப்பாவில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள் என்று உங்கள் நர்ஸ் பொண்ணு சொல்லி அனுப்பினாள். நானும் வந்த அன்றைக்கே சாமை அரிசியைப் போட்டுக் காய்ச்சி, பதமாக வடித்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றினேன். உப்பு போடவில்லை, அந்த அளவுக்கு விவரம் உண்டு. விடிய விடிய மூக்குக்குள் சோறு வடிக்கிற வாசம். கோழி கூவுவதற்குள் பசித்து எழுந்து பழையதைக் கரைத்துக் குடித்தேன். டப்பாவைத் திறந்தால் அடியில் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. செம்மேட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்ட பிறகுதான் அது சோற்றுக்குச் சம்பந்தமில்லாத தண்ணீர், பாட்டிலில் விற்கிறது என்று தெரிந்தது. அடுத்தது முகமூடி. பட்டையை இறுக்கினால் கன்னத்தில் தழும்பு, தளர்த்தினால் காற்று கண்ணுக்குள் அடிக்கிறது. உன் மாமாவின் பழைய வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்துப் பட்டைக்கு அடியில் சுற்றினேன், அது சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்து ஊட்டுப் பொன்னாயி விடிகாலையில் மோர் கேட்டு வந்தவள், என் மூக்கிலிருந்து குழாய் தொங்குவதைப் பார்த்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு மூன்று தோப்புக்கரணம் போட்டாள். கேலிக்குத்தான். ஆனால் கொழுக்கட்டை எப்போ என்று அன்றிலிருந்து ஊரே கேட்கிறது.

உனக்குத் தெரியாததா, இந்த வியாதி எனக்கு இன்று நேற்று வந்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து முப்பத்திரண்டு வருசம் உன் மாமா என்னைத் தூங்க விட்டதில்லை. கண் அசந்தால் முழங்கையால் விலாவில் ஒரு இடி. புரண்டு படுத்தால் இன்னொரு இடி. அதற்காகவே ஒரு தடவை கோபித்துக்கொண்டு எங்கள் அம்மா ஊட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றுகொண்டு, "நீ குறட்டை உட்டாக்கூடப் பரவால்ல புள்ளே. திடீர்னு அடங்கிப் போயிடறே. எனக்குப் பயமா இருக்குது" என்றார். என்னை அழைத்துப் போவதற்குச் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். மாசியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே போய்விட்டார். காரியத்தன்றைக்கு நான் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தேன், புருசன் போன துக்கங்கூட இல்லை பார் என்று சனம் பேசியது. நீதான் சந்தேகப்பட்டுச் சேலத்துக்குக் கூட்டிப் போய், தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தாய். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அத்தனை வருசமும் அந்த மனுசன் எப்போது தூங்கினார் என்று கேட்கத் தோன்றியது. டாக்டருக்கு எப்படித் தெரியும், கேட்கவில்லை.

அங்கே பாரத்தில் புருசன் பேர் கேட்டபோது நான் சொல்லாமல், திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி பேர் என்று ஜாடை சொன்னேன், நினைவிருக்கிறதா. நீ சிரித்துக்கொண்டே எழுதினாய். இப்போது நடந்த கூத்தைக் கேள். பொன்னாயி என்னைப் பார்த்து, இந்த மிஷின் ராத்திரி பூரா உன்னைக் காவல் காக்கிறது, தண்ணி வெச்சுக் குளிப்பாட்டினால்தான் ஒழுங்காக இருக்கிறது, நாலு வார்த்தை பேசுகிறதில்லை, இது யாரென்று எனக்குத் தெரியாதா என்று சொல்லி அதற்கு உன் மாமா பேரையே வைத்துவிட்டாள். ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. என் வாயில்தான் வராது. நான் "அவுங்க" என்றுதான் சொல்கிறேன், மிஷினை. போன மாதம் கரண்டு குறைந்து மிஷின் இழுத்து இழுத்து ஓடியது. பொன்னாயியோடு போய் லைன்மேன் மாணிக்கத்திடம் முறையிட்டேன். யாருக்காக இவ்வளவு அவசரம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னாயி உன் மாமா பேரைச் சொல்லி, அவருக்கு மூச்சு வாங்குதுங்க என்றுவிட்டாள். மாணிக்கம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "ஏனுங்க, அவுரு மாசியிலயே தவறிட்டாருங்களே" என்றார். நடு ரோட்டில் நின்றுகொண்டு சிரித்தேன் கண்ணு. வயிறு வலிக்கச் சிரித்தேன். மாசிக்குப் பிறகு அன்றுதான். ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் அன்றுதான்.

இத்தனையும் பொறுத்தேன். குழாய் விஷயம்தான் பொறுக்க முடியாதது. வாரம் ஒரு தடவை கழுவி நிழலில் காயப்போட வேண்டும் என்கிற சட்டப்படி குழாயைப் பலா மரத்தில் தொங்கவிட்டுச் சந்தைக்குப் போனேன். உன் சின்ன மாமன் பூபதி, பொந்துக்குள் இருந்த தேனடைக்குப் புகை ஊதக் குழாய் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். "அண்ணி, இது தேனெடுக்கவே செஞ்சாப்பல இருக்குதுங்க" என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே புகை, வெளியே தேன், இரண்டுக்கும் நடுவில் கொல்லிமலை எறும்பு மொத்தமும். பிராயச்சித்தமாக ஒரு பாட்டில் தேன் வைத்துவிட்டுப் போனார். மூன்று ராத்திரியாக மிஷின் சும்மா இருக்கிறது, நானும் மாட்டாமல்தான் தூங்குகிறேன், நன்றாகவே தூங்குகிறேன். மூன்று ராத்திரி பதிவில் விழுந்த ஓட்டையை டாக்டரிடம் எந்த முகத்தோடு காட்டுவது. கூட்டத்தில்தான் என்ன பேசுவது. கஞ்சி ஊற்றாதீர்கள், கொழுந்தன் கண்ணில் குழாயைக் காட்டாதீர்கள் என்றா. மிஷினுக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் அங்கேயும் ஜாடையா காட்டுவேன். ஆகையால் தேவைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வியாதி தீர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். உன் ஊட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. உங்கள் குடும்பம் பலாக்காய் போலக் கொத்தாகக் காய்த்து நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை கண்ணாயி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டுவதற்கு முன்னால் மத்தியானம் சும்மா தலையைச் சாய்த்தேன். பொன்னாயி பக்கத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விலாவில் ஒரு இடி விழுந்தது. சரியாக அதே இடம். அவர்தான் என்று நினைத்து, தூங்க விடறீங்களா என்று கண்ணைத் திறக்காமலே திட்டினேன். திறந்து பார்த்தால் பொன்னாயி முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிறாள். "அடங்கிப் போயிட்டியேடி" என்றாள். கேலி கூடப் பண்ணவில்லை. அந்த வார்த்தையை அவள் யாரிடம் கேட்டாள், அவர் சொன்னது எனக்கு மட்டும்தானே.

ஆகவே மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிடு. குழாயைச் சோப்புத் தண்ணீரில் ஏழு தடவை அலசிவிட்டேன், எறும்பு இல்லை, புகை வாசம்தான் லேசாக. இன்று ராத்திரி மாட்டிக்கொள்கிறேன். மூன்று நாள் ஓட்டையை டாக்டரிடம் நானே சொல்கிறேன். பதினாலாம் தேதி முதல் பஸ்ஸில் வாரேன், பூபதி கொடுத்த தேனும் வரும், கூட்டத்தில் பேசவும் பேசுகிறேன். புதுக் குழாய் ஒன்று எடுத்து வை. யாருக்கு என்று ஆபீசில் கேட்டால் கொல்லிமலை அர்த்தனாரிக்கு என்று சொல்.

பேரை எழுதிவிட்டேன் பார். பெண்டாட்டி சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இனிமேல் குறைய என்ன இருக்கிறது. வாயால் சொல்வதை அங்கே வந்து சொல்லிப் பார்க்கிறேன்.