ஏழு நாள் நோட்டீஸ்

2023 ஜூன் 3, காலை ஒன்பது மணி. கையில் பதினான்கு சாவிகளோடு ரஃபேல் அலோர் ஸ்டாரில் இருந்த தன்னுடைய இரண்டாவது வீட்டின் முன்னால் நின்றார். பதினான்கில் ஒன்றும் தேவைப்படவில்லை. காலி செய்துகொண்டு போன நான்காவது வாடகைதாரர் பூட்டுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். கதவு லேசாகக் காற்றில் ஆடி, உள்ளே வாருங்கள் என்றது.

முதல் வாடகைதாரர் மின்விசிறிகளோடு போனார். இரண்டாமவர் பதினொரு பூனைகளை வளர்த்து, போகும்போது ஏழு பூனைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாமவர் படுக்கையறைக்குக் கறுப்புச் சாயம் பூசினார். கேட்டதற்கு மனசு சரியில்லை என்றார். நான்காமவர் நல்லவர் என்றே ரஃபேல் நினைத்திருந்தார்.

ரஃபேல் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலை முடிந்த மறுமாதமே தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான்களோடு சாலையில் நின்ற அன்றைக்கே, தனக்கு இரண்டு வீடு வேண்டும் என்று ரஃபேல் முடிவு செய்தார். ஒன்று இருக்க, ஒன்று ஆள. இருப்பது திகாம் பத்துவில். ஆள்வது அலோர் ஸ்டாரில். இருக்கிற வீட்டில் சமையலறைக் கூரை ஒழுகியது. ஆறு வருடமாக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நின்றது.

"என்னங்க, கூரை?" என்று எவலின் கேட்பாள்.

"அடுத்த மாசம்."

"இதைத்தான் போன தீபாவளிக்கும் சொன்னீங்க. நாம தீபாவளி கொண்டாடறதுகூட இல்ல."

"அலோர் ஸ்டார் வீட்டுல குழாய் உடைஞ்சிடுச்சு எவலின். வாடகைக்கு இருக்கறவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, பேங்குக்கு யாரு கட்டுறது?"

"நான் கோவிச்சுக்கிட்டுப் போனா?"

"நீ எங்க போவ?" என்று ரஃபேல் சிரித்தார். முப்பத்தொரு வருடத் திருமணத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே அதிகச் செலவு வைத்தது இதுதான்.

அலோர் ஸ்டார் வீடு ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. நகரத்தைச் சுற்றிப் தாமான் தாமானாகப் புதிய குடியிருப்புகள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளின் கேட்டில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஒருவர் குளியலறைக்குள் நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா வேண்டாம் என்றார்.

"நாலு பேரும் ஏன் போனாங்க தெரியுமா?" என்றாள் எவலின் ஒருநாள்.

"ராசி."

"ராசியாவது மண்ணாவது. சொல்லாம கொள்ளாம சாவியைப் போட்டுத் திறந்து உள்ள போறீங்க. அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப சட்டியைத் திறந்து பார்க்கறீங்க. எவன் இருப்பான்?"

"என் வீடு. நான் பார்க்கறேன்."

எவலின் அதற்குமேல் பேசவில்லை. பேசாதபோது அவள் யோசிக்கிறாள் என்பதை ரஃபேல் முப்பத்தொரு வருடத்தில் கவனித்ததில்லை.

ஜனவரியில் எவலினே ஓர் ஆளைப் பிடித்து வந்தாள். பெயர் சம்சியா. ஹோட்டல் நடத்திய குடும்பம். கணவர் தவறிவிட்டார். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்க, நகரத்துக்குள் வீடு தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லை. முன்பணம் கையில் இருந்தது. ரஃபேலுக்கு அந்தம்மாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமே தெரிந்தது.

"சமையலறையைக் கொஞ்சம் பெருசாக்கணும் அண்ணே," என்றார் சம்சியா. "கூரை புதுசா போடணும். சுவத்துக்கு டைல்ஸ் கல் ஒட்டணும். காத்து வெளிய போக ஒரு விசிறி."

"பண்ணிடலாம்மா. அதுக்கென்ன?"

பண்ணினார். சேமிப்பிலிருந்து எடுத்து, பதினோரே நாளில் முடித்தார். சுவர்க்கல் கடைக்கு எவலினையும் கூட்டிக்கொண்டு போனார். சமையலறை விஷயம், பெண்கள் பார்த்தால் வேலை சீக்கிரம் முடியும். எவலின் ஒன்றரை மணி நேரம் நின்று, வெளிர்பச்சைக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அடுப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினாள். மனைவிக்குக் கடைசியில் தொழில் புரிந்துவிட்டது என்று ரஃபேல் அகமகிழ்ந்தார்.

"தனியாத்தானே இருக்கப் போறீங்க?" என்று சம்சியாவிடம் கேட்டுக்கொண்டார்.

"பார்ட்னர் ஒருத்தங்க கூட இருப்பாங்க அண்ணே. நல்லா சமைக்கிற அக்கா. ரொம்ப அமைதி."

"பூனை கீனை வளர்ப்பாங்களா?"

"இல்லலா. ஒரு மனுசனை வளர்த்தே களைச்சுப் போயிட்டாங்க."

ரஃபேல் விழுந்து விழுந்து சிரித்தார். யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்றார்.

ஒப்பந்தத்தை எப்போதும்போல எவலின் தட்டச்சு செய்தாள். சுங்கை பட்டாணியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அவளுக்கு அதுதான் வேலை. வக்கீலுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று நான்கு ஒப்பந்தங்களையும் ரஃபேல் அவளிடமே கொடுத்திருந்தார்.

"அந்தம்மா சில விஷயம் சேர்க்கச் சொன்னாங்க," என்றாள் எவலின். "படிச்சுப் பாருங்க."

"சேர்த்துக்கோ. குடிவந்த பிறகு எவன் அதை எடுத்துப் பார்க்கறான்? என்கிட்டதான் இன்னொரு சாவி இருக்கே."

ஒன்பது பக்கம். ரஃபேல் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். கையெழுத்திட்டார். மறுநாளே அதற்கு அரசாங்க முத்திரையும் வாங்கி வந்துவிட்டார். முத்திரை என்றால் அவருக்குத் தனி மரியாதை.

2024 பிப்ரவரி முதல் தேதி மாலை, ரஃபேல் கோப்பிக் கடையிலிருந்து திரும்பியபோது திகாம் பத்து வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் காளிதாசன் வேலிமேல் கைவைத்து நின்றார்.

"அண்ணே, லோரி வந்துச்சே. நீங்க இல்லையா?"

"என்ன லோரி?"

"அக்கா தையல் மிஷின், துணி அலமாரி, மாதா படம் எல்லாத்தையும் ஏத்தினாங்க. டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து எனக்குக் கையாட்டிட்டுப் போனாங்க. அலோர் ஸ்டாருக்குன்னு டிரைவர் சொன்னான். வீடு மாறறீங்கன்னுல்ல நெனச்சேன்."

அறுபது கிலோமீட்டரை ரஃபேல் எப்படி ஓட்டினார் என்பது அவருக்கே தெரியாது. சாவியைப் போட்டார். திரும்பவில்லை. பூட்டு புதுசு. கம்பிக் கதவுக்குப் பின்னால் எவலின் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு.

"கதவைத் திற."

"நோட்டீஸ் இருக்கா?"

"என்ன நோட்டீஸ்?"

"வீட்டுக்காரர் உள்ள வரணும்னா ஏழு நாளைக்கு முன்னாடி எழுதிக் கொடுக்கணும். நாலாவது பக்கம். கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எவலின், நான் உன் புருஷன்!"

"அந்த வார்த்தை ஒன்பது பக்கத்துல எங்கயும் இல்லலா. நான்தானே அடிச்சேன்."

"உனக்கு வீடு திகாம் பத்துவுல இருக்கு."

"அது வீடா? மழை உள்ள பெய்யுற இடத்துக்குப் பேரு வீடா?" அவள் குரல் உயரவில்லை. "பொண்டாட்டி ஆறு வருசம் கேட்டா வாளி. வாடகைக்கு வர்றவ ஒரு வார்த்தை கேட்டா பதினோரு நாள். எது லாபம்னு நீங்களே சொல்லிக் கொடுத்துட்டீங்க."

"எல்லாம் உனக்காகத்தானே. எங்கப்பாவை அந்தத் தோட்டத்துல—"

"ஒரு மாசத்துல காலி பண்ணச் சொன்னாங்க. ஆயிரம் தடவை கேட்டாச்சு. என்னை இன்னும் குடியே வைக்கலையே நீங்க."

உள்ளேயிருந்து சம்சியா எட்டிப் பார்த்தார். "அக்கா, இடியாப்பம் ஆறுது. வீட்டுக்காரர் அண்ணனா? வணக்கம் அண்ணே."

ரஃபேல் ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் ஒன்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். சொன்னார். உங்கள் மனைவிக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை செய்ய விருப்பம் இருக்குமா என்று வக்கீல் கேட்டார்.

அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. மாதம் முதல் தேதி காலை எட்டு மணிக்கு வாடகை வந்து விழுந்தது. இரண்டு பேர் சமைத்து, அறுபது பேருக்குச் சாப்பாடு போனது. பத்து வருடத்தில் ரஃபேலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாடகைதாரர் எவலின்தான்.

மார்ச்சில் கைப்பட நோட்டீஸ் எழுதி அனுப்பினார். ஞாயிறு மூன்று மணியிலிருந்து மூன்றரைவரை வரலாம் என்று பதில் வந்தது. போனார். வெளிர்பச்சைச் சுவர் பளபளத்தது. தேநீர் கொடுத்தாள். முன்பைவிடச் சதை போட்டிருந்தாள். திரும்பி வா என்று சொல்ல வாயெடுத்தார். வந்தால் வாடகை போய்விடுமே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பு முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எவலின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. பென்ஷன் இருபதாம் தேதியே தீர்ந்தது. செப்டம்பரில் ரஃபேல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு ஆளுக்கு எதற்கு மூன்று அறை? திகாம் பத்து வீட்டையும் வாடகைக்கு விட்டார். வந்த இளம் தம்பதி கூரை ஒழுகுகிறதே என்றார்கள். ஒன்பது நாளில் மாற்றிக் கொடுத்து, அக்டோபர் கடைசியில் சாவியையும் கொடுத்தார்.

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, அலோர் ஸ்டார் வீட்டின் பின்னறையைச் சம்சியாவும் எவலினும் உள்வாடகைக்கு விட்டார்கள். சமையலறைக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு குடிவந்தவர் ரஃபேல்.