சிவப்புக் கோடும் தையல் மெஷினும்

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் பிடித்தே தீருவது என்று முடிவெடுத்த ‘லென்ஸ்’காரர், முதல் வேலையாக மனைவியின் தையல் மெஷினைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கினார். படம் கழுவ டார்க்ரூம் போட, மெஷின் இருந்த அறையைத் தவிர வீட்டில் வேறு அறை கிடையாது. மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று கூசாமல் புளுகிவிட்டு, எதிர்வீட்டு நண்பரின் முன்னறையில் பதுக்கி வைத்தார். அந்த ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து தலைகீழாக நின்று பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது.

அறை கிடைத்ததே தவிர, படம் கிடைக்கவில்லை. அந்த வெளிச்சத்துக்கென்றே வாங்கிய இன்ஃப்ராரெட் ஃபிலிமில் அவர் எடுத்ததெல்லாம் பஞ்சு மூட்டையாகவே வந்தது. மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு என் மூஞ்சி தெளிவா விழுந்தா அந்த ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“மூஞ்சி என்ன, இமை முடியையே எண்ணிக்கோ!”

அவள் வாசலில், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் சுள்ளென்று வெயில். அவர் அவள் கண்ணுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, கரிய ஃபில்டரை எடுத்து லென்ஸில் திருகினார். இனி அதன் வழியே அவருக்கு ஒன்றும் தெரியாது. அவளோ ஃபிலிம் டப்பாவில் வந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஃபில்டர் போடறதுக்கு முன்னாடியே ஃபோகஸ் பார்த்துடணுமாம்.”

“பார்த்தாச்சு.”

“பார்த்த தூரத்தை லென்ஸ்ல இருக்கற சிவப்புக் கோட்டுக்கு நகர்த்தணுமாம். இந்த வெளிச்சம் வேற இடத்துல போய்க் குவியுமாம்.”

“அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு எழுதினது.”

“அப்ப உங்களுக்குத்தான்.”

“வாயை மூடிட்டு நில்லு!”

க்ளிக்.

டார்க்ரூமில், மருந்துத் தட்டில் மிதந்த பிரிண்டில் உருவம் மெல்ல எழும்பியது. இந்த ஃபிலிமின் வழக்கப்படி தெரு மரமெல்லாம் வெள்ளை வெளேர். மனைவியின் முகம் இருந்த இடத்தில் புகை. ஃபோகஸ் அவளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு, அந்தப் பாழாய்ப்போன வெளிச்சம் கறுப்புக் கண்ணாடியையும் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. சக்கரம், ஊசி, நூல்கண்டு என்று தையல் மெஷின் அங்கே ஜம்மென்று வீற்றிருந்தது. வாழ்நாளில் அவர் இத்தனை துல்லியமாக எதையும் எடுத்ததில்லை. அவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, பயத்தில் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

இதைக் காட்டினால் அறையும் போகும், மானமும் போகும். காட்டாவிட்டால் அறை மட்டும்தான் போகும். மானமாவது மிஞ்சட்டும் என்று ஈரப் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

“ஃபிலிம் கெட்டுப்போச்சு. நான் தோத்துட்டேன். ரூமை நீயே எடுத்துக்க.”

“மெஷின்?”

“அதான் அதிர்ஷ்டம்! ரிப்பேர் முடிஞ்சுதாம். நாளைக்கே கொண்டுவந்துடறேன்.”

“நாளைக்கு வேணாங்க, அடுத்த வாரம் தூக்கிட்டு வாங்க. எதிர்வீட்டு அக்கா பொண்ணுக்கு ரெண்டு கவுன் பாக்கி இருக்கு. நீங்க ஆபீஸ் போனதும் தினம் அங்கதானே தைச்சிட்டிருக்கேன்.”