காபியைக் கழுவிய கரி

எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை நாலு பேருக்கு விளக்காமல் இருக்க முடியாது. இது ஒரு வியாதி. இப்போது ஓரளவு குணமாகிவிட்டது. குணப்படுத்தியது ஒரு தம்ளர் காபி.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கும் கம்பெனியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. (மூன்று வாரத்தில் ஒருவன் விஞ்ஞானி ஆக முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் என்னை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.) எஸ்தர் அக்காவைப் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து வரப்போகிறார்கள் என்று வீடே பரபரத்தது. மாப்பிள்ளை டேனியலும் அக்காவும் வேலைக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஆறு மாதமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டுக் குறை போர் தண்ணீர். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காபியிலும் அதே நாற்றம். இதற்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஊடே நாறுது" என்று அவர்கள் சொன்னது அக்கா காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே அவள் தம்ளர்களை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள்.

"இந்த தபா தண்ணி என் பொறுப்புக்கா" என்றேன்.

"நீ எதுலயும் கை வெக்காம இருந்தாலே போதும்டா. இந்த எடம் மட்டும் கை நழுவிச்சு, உன்ன கரியாக்கிடுவேன்."

கேட்டேனா? சூப்பர்வைசரைக் கெஞ்சி இரண்டு கிலோ கார்பன் வாங்கி வந்தேன். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மின் மேல், அடியில் ஓட்டை போட்ட குண்டானை உட்கார வைத்தேன். ஓட்டையை மூட ஒரு துணி தேவைப்பட்டது. சமையலறைக் கொடியில் காபி வடிகட்டும் துணி தொங்கியது, உருவிக்கொண்டேன். கார்பனை ஏழு தடவை கழுவி, ஒரு பொட்டு கரித்தூள்கூட வராதபடி நிரப்பினேன். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். (அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.)

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, தனக்குப் பால் ஒத்துக்காது, காபி பால் இல்லாமல் போதும் என்றார். மரியாதைக்காக மற்றவர்களும் அப்படியே கேட்டார்கள். உதவிக்கு வந்திருந்த எங்கள் அத்தை காபி போடச் சமையலறைக்குப் போனாள். அன்றைக்கென்று மூக்குக் கண்ணாடியை சர்ச்சிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"தம்பி இன்னா வேலை பாக்கறாரு? கரி கம்பெனியாமே. அடுப்புக் கரியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வியாதி தலைக்கேறியது.

"இல்லீங்க! தேங்கா ஓட்ட கரியாக்கி, அத இன்னும் பயங்கர சூட்டுல வெச்சு நீராவி உடுவோம். உள்ள கண்ணுக்கே தெரியாத ஓட்டைங்களா உழும். தண்ணியில கீற நாத்தம், கலரு எல்லாம் அந்த ஓட்டைக்குள்ள போய் ஒட்டிக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழுப்பான சர்க்கரைப் பாகு இந்தக் கரி வழியாக இறங்கினால் நிறம் போய்விடும் என்றேன். விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இதைத்தான் கரைத்துக் கொடுப்பார்கள் என்றேன். (பெண் பார்க்கும் இடத்தில் பேசுகிற பேச்சா இது!) நடுவில் அத்தை உள்ளிருந்து கத்தினாள்.

"டேய் பிரபு, காபி வடிகட்ற துணி எங்கடா?"

"ஃபில்டர்ல கீது அத்தை!" என்று நானும் கத்திவிட்டு, வாயு முகமூடிக்குள் கார்பன் எப்படி வேலை செய்கிறது என்று தொடர்ந்தேன். காபி வர நேரமானது. நல்லதாகப் போயிற்று என்று மேலும் விளக்கினேன்.

ஒருவழியாக அக்கா தட்டோடு வந்தாள். தலை நிமிரக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அவள் தம்ளருக்குள்ளும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடி, "இந்தக் காபிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஜெபித்தார். கண்ணைத் திறந்தார். தம்ளரின் அடிப்பாகம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு வாய் குடித்தார். "பைபிள்ல தண்ணி திராட்சரசமா மாறுனது தெரியும். காபி தண்ணியா மாறி இப்பதான்பா பாக்கறேன்."

துணி ஃபில்டரில் இருக்கிறது என்று நான் கத்தியதை, அதிலேயே வடிகட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அத்தை காபியை அப்படியே கார்பனில் ஊற்றியிருக்கிறாள். நிறமில்லை, மணமில்லை, சர்க்கரை மட்டும் பத்திரமாக இறங்கியிருந்தது. கார்பனைக் கழுவாமல் விட்டிருந்தாலாவது கருப்பாக வந்து மானத்தைக் காப்பாற்றியிருக்கும். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் செத்தேன்.

டேனியல் தம்ளரை எடுத்து, கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார்.

"காபி நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

அவருடைய அப்பா மகனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அன்றே பேசி முடித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் வெந்நீருக்குப் பெயர் 'பிரபு காபி'. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டேனியல் மாமா, "ஒரு பிரபு காபி குட்த்தா சரியாப் போய்டும்" என்பார். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், "மச்சான், துணி எங்க?" என்று கேட்பார்.

நாலு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் பொன்னேரிக்குப் போனோம். மாமா முதல் நாளே அங்கே போன் பண்ணி என்னவோ பேசியிருக்கிறார். எல்லோருக்கும் நுரை பொங்கக் காபி வந்தது. எனக்கு மட்டும் வந்த தம்ளரில், அடிப்பாகம் பளிச்சென்று தெரிந்தது. தட்டை நீட்டிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "காபி நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.