ஒழுகும் குழாய்க்கு ஒரு நிரந்தரத் தீர்வு

நிபுணர் அம்மா கேட்டிருந்த பத்துக் கட்டுரைகளில் ஒன்பது கிடைத்துவிட்டன. பத்தாவதன் தலைப்பைப் படித்ததும் பட்டியல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பட்டியல் என்பது அவருடைய பெயர் அல்ல, கணினி அறிவியல் துறையில் அவருக்கு விழுந்த பெயர். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள், தாங்கள் யார் யாருடைய எழுத்தைப் பார்த்தோம் என்று கடைசியில் ஒரு வரிசை கொடுக்க வேண்டும். அதை ஆளாளுக்குத் தட்டச்சு செய்து ஆளாளுக்குத் தப்பு செய்ய வேண்டாம் என்று, எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியலை அவர் கட்டிக் காத்து வந்தார். கட்டுரையில் ஒரு குறிச்சொல்லைப் போட்டால் போதும், ஆசிரியர் பெயர், தலைப்பு, வருடம் எல்லாம் பட்டியலிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியூர்க்காரர்கள்கூட அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

மனிதருக்கு இந்த வேலை ரத்தத்தில் ஊறிவிட்டது. கைபேசியில் அண்ணன், அத்தை என்று யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார். முன்னெழுத்து, முழுப்பெயர், அவ்வளவுதான். கட்டிய மனைவியே அகரவரிசையில் பல் டாக்டருக்கு அடுத்துத்தான் வருவாள்.

ஆறு வருடமாக அவர் தற்காலிகம். அன்று மூன்று மணிக்குக் கூடும் குழு அவரை நிரந்தரமாக்கலாம், அல்லது வீட்டுக்கு அனுப்பலாம். விண்ணப்பத்தில் அவர் காட்டியிருந்த ஒரே சாதனை இந்தப் பட்டியல்தான். 'இதில் ஒரு பிழைகூட இல்லை' என்று தன் கையால் எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தார். குழுவுக்கு வெளியிலிருந்து வரும் நிபுணர் அம்மா கறாருக்குப் பேர்போனவர். அப்படியானால் இந்தப் பத்தின் மூலப் பிரதியையும் மேசையில் வையுங்கள் என்று காலையில் தகவல் அனுப்பிவிட்டார். பத்தாவதற்குப் பக்கத்தில் மட்டும் 'அவசியம்' என்று குறித்திருந்தார்.

அந்தப் பத்தாவது: 'ஒழுகும் குழாய்க்கு ஒரு நிரந்தரத் தீர்வு'. ஆசிரியர், பட்டியலின் மாமியார்.

மாமியார் கணினியைத் தூசி துடைப்பதற்காக மட்டும் தொட்டவர். பட்டியலைத் தொடங்கிய நாளில், எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எதையாவது ஒன்றைப் பதிய வேண்டியிருந்தது. சமையலறையில் குழாய் ஒழுகுகிறது, இதற்கு நிரந்தரமாக ஒரு வழி செய்ய இந்த வீட்டில் ஆளில்லையா என்று அப்போது மாமியார் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியல், காதில் விழுந்ததைத் தலைப்பாகவும், பேசியவரை ஆசிரியராகவும் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. பிறகு அதை அழிக்க மறந்துவிட்டார். குழாயையும் மறந்துவிட்டார்.

கெட்ட நேரம், கணினிக்காரர்கள் தரவு ஓடும் பாதையையும் குழாய் என்றுதான் சொல்வார்கள். அது வழியில் சிந்தினால் ஒழுகல் என்பார்கள். ஆறு வருடமாக ஒருவருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம்.

அழித்துவிடுவோம் என்று பட்டியல் முடிவு செய்தார். போன மாதமே நீக்கியாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பொத்தானைத் தட்டினார். மாமியார் மறைந்தார். அப்பாடா என்று பட்டியல் சாய்ந்து உட்காரவும், துறைத்தலைவர் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்னய்யா இது? மத்தியானம் என் புத்தகம் அச்சுக்குப் போகுது. பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி முழிச்சுக்கிட்டு நிக்குது."

பொதுப் பட்டியலில் ஒன்றை அழித்தால், அதைச் சுட்டிய எல்லா இடத்திலும் கேள்விக்குறி வந்துவிடும். தலைவர் அதை இத்தனை இடத்தில் சுட்டியிருப்பார் என்று பட்டியல் கனவிலும் நினைக்கவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"படிச்சிருக்கேனாவா? என் மூணாவது அத்தியாயமே அதை நம்பித்தான்யா நிக்குது."

பட்டியல் எட்டிப் பார்த்தார். 'தெளிவும் துணிவும் கலந்த நடை' என்று தலைவர் எழுதியிருந்தார். அந்த நடையைத் தினமும் வீட்டில் கேட்கிற பட்டியலால் அதை மறுக்க முடியவில்லை. மாமியாரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கேள்விக்குறிகள் போயின, தலைவரும் போனார்.

சரி, பதிவு இருக்கட்டும், பிரதிதான் இல்லை என்று சொல்லிவிடுவோம் என்று, அதன் கீழே 'பிரதி கிடைப்பதில்லை' என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். பொதுப் பட்டியலில் எதைத் தொட்டாலும் அது நூலகருக்கும் தெரியும் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கிடைப்பதில்லை என்ற சொல்லைக் கேட்டால் நூலகருக்குத் தூக்கம் பிடிக்காது. தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் உடனே எழுதிக் கேட்டுவிட்டு, மதியத்துக்குள் பதில்களோடு வந்து நின்றார்.

இரண்டு இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நூலகம், தங்களிடம் ஒரு பிரதி இருந்ததாகவும், யாரோ வாசகர் எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்றும் வருத்தம் தெரிவித்திருந்தது. ஒருவேளை மாமியார் உண்மையிலேயே எழுதியிருப்பாரோ என்று பட்டியலுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"எழுதினவங்க நம்பர் கொடுங்க சார், நானே பேசிடறேன். அவங்ககிட்ட ஒரு பிரதி இல்லாமலா போகும்?" என்றார் நூலகர்.

பட்டியலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"அவங்க இப்ப இல்லைங்க."

"ஐயோ. எப்போ?"

"போன மாசம்."

சொன்ன மாத்திரத்தில் மனசு உறுத்தியது. அன்று காலையில்தான் அந்த அம்மாள் வாசல்வரை வந்து, எல்லாம் நல்லபடியாக முடியும் மாப்பிள்ளை, தைரியமாகப் போய்வாருங்கள் என்று வழியனுப்பியிருந்தார்.

உறுத்தல் அடங்குவதற்குள் மனைவி கூப்பிட்டாள். குழாய் இன்று இன்னும் மோசமாம். அம்மா பொறுமையிழந்து, உங்களுக்கே போன் பண்ணுகிறேன் என்று நிற்கிறாராம்.

"சாயங்காலம் வரைக்கும் பண்ண வேண்டாம்னு சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் சொன்னா கேக்கிற ஆளா?" என்றவள், குரலைத் தணித்தாள். "என்னங்க, இந்த வாட்டியும் தற்காலிகம்னா இந்த வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. அம்மாவை அண்ணன் வீட்டுக்குத்தான் அனுப்பணும். அங்க அவங்களுக்கு ஒத்துவராதுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். அண்ணன் வீட்டில் மாமியார் பேசவே மாட்டார். பேசாத மாமியாரை நினைத்துப் பார்க்கவே பட்டியலுக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கூட்ட அறைக்குப் போனார். ஒன்பது கட்டுரைகள் அடுக்கியிருந்தன. பத்தாவதற்கு விட்டிருந்த இடம் மேசையில் பளிச்சென்று தெரிந்தது. தலைவர் நடுவில், வலப்பக்கம் நிபுணர் அம்மா. இடப்பக்கம் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கூட்டம் தொடங்கும் முன்பே கண்ணை மூடியிருந்தார். பட்டியல் தன் கணினியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தார். கைபேசியை ஊமையாக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அழைப்பு எதுவும் தவறக் கூடாது என்று கைபேசியையும் கணினியையும் எப்போதோ தானே இணைத்து வைத்தது மட்டும் மறந்துபோயிற்று.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நூலகர் மூலம் ஒரு துக்கச் செய்தி கிடைத்ததாகச் சொன்னார். பத்தாவது பதிவைத் திரையில் போடச் சொன்னார். மாமியாரின் பெயர் முன்னெழுத்துகளோடு முழ நீளத்துக்குத் தெரிந்தது.

"இந்த அம்மாவை ஒரு கருத்தரங்குல நானே சந்திச்சுப் பேசியிருக்கேன். ரொம்ப அடக்கமானவங்க," என்றார் தலைவர். அடக்கம் என்று கேட்டதும் பட்டியல் தரையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நிபுணர் அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. கண்டுபிடித்துவிட்டார், கதை முடிந்தது என்று பட்டியல் நினைத்துக்கொண்டார்.

அப்போது திரையில் பதிவுக்கு மேலே ஒரு பச்சைக் கட்டம் குதித்தது. அதே முன்னெழுத்துகள், அதே பெயர். காலமான ஆசிரியர் அழைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பட்டியல் கட்டத்தை மூடப் போனார்.

"எடுங்க," என்றார் நிபுணர் அம்மா.

எடுத்தார். மாமியாரின் குரல் அறையின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

"மாப்பிள்ளை, குழாய் இன்னும் ஒழுகுது. ஆறு வருஷமாச் சொல்றேன். சரி, அது கிடக்கட்டும், வேலை நிரந்தரமாயிடுச்சா? காலையிலிருந்து மனசே சரியில்லை."

"அப்புறம் பேசறேன் அத்தை," என்று சொல்லிப் பட்டியல் கட்டத்தை மூடினார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. குழாயில் தொடங்கி மௌன அஞ்சலி வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தலைவர் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த எழுத்துகளை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

"அப்ப, இப்படி ஒரு கட்டுரை உலகத்துலயே கிடையாதா?" என்று கேட்டார் நிபுணர் அம்மா.

"கிடையாதுங்க."

"இந்த அறையில இருக்கிறவங்களைத் தவிர வேற யாருக்காவது இது தெரியுமா?"

"தெரியாதுங்க."

நிபுணர் அம்மா படிவத்தை இழுத்தார். பேனா அழுந்த ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். வேலை போயிற்று, அத்தைக்கு அண்ணன் வீடுதான் என்று பட்டியல் குனிந்து பார்த்தார். 'நிரந்தரம்' என்று இருந்தது. மறுபடி பார்த்தார், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

"அந்தப் பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிச்சிடாதீங்க," என்றார் நிபுணர் அம்மா. அவர் குரல் நடுங்கியது.

ஒன்றும் புரியாமல் பட்டியல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கூட்டம் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத பெரியவர், இப்போது கண்ணைத் திறந்து நிபுணர் அம்மாவின் பக்கம் ஆறுதலாகச் சாய்ந்தார்.

"எதுக்கும்மா கவலைப்படறீங்க, இந்தக் கட்டுரை தப்புன்னு நிரூபிச்சு நீங்க பேராசிரியர் ஆனதுல ஒரு தப்பும் இல்லை, அதான் குழாய் இன்னும் ஒழுகுதாமே."