வேற்றுக்கிரகத் தோலும் என் வாயும்

யாரையும் தோலைப் பார்த்து எடைபோடக் கூடாது என்பார்கள். நான் அதைச் செய்துதான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் எனக்கு அசார்ட்டிங் வேலை. பதனிட்டுச் சாயமேற்றி வரும் தோலை மேஜையில் விரித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று பிரிக்க வேண்டும். தோல் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கிவிட்டு அந்த மேஜைக்கு வந்தவன் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. உயிரோடு இருந்தபோது அந்த ஆடு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும் என்றுகூடச் சொல்வேன். (ஆட்டைக் கேட்டுச் சரிபார்த்தவர் யாரும் இல்லை.)

இன்னொரு கோளாறும் உண்டு. டேனரியில் தோல் ஊறும் டிரம்கள், ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு, நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் பேசிப் பழகியவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு, என் மகள் ஷைனியின் கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில், இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சினிமாவுக்குப் போனேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஷைனிக்குச் சென்னையில் பிரவீன் என்ற பையனைப் பிடித்துப்போயிருந்தது. சொந்த ஊர் வேலூர் பக்கம் பாகாயம். சினிமாவில் டிசைன் வேலை என்றாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுவான் போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா ரோஸ்லின், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் முழு மனசு இல்லை. "பொண்ணு தங்கம். அவங்க அப்பாவுக்குத்தான் வாய் ஜாஸ்தின்றாங்க" என்றாராம். அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று பிரவீனும் சொல்லிவிட்டான்.

அம்மாவின் மனசைக் கரைக்க ஷைனி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஆம்பூர் தியேட்டரில் சேர்ந்து படம் பார்ப்பது, பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வரும் தமிழ்ப் படம் அது. கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணுதான். தியேட்டர்ல பேசாத."

"நான் எப்பம்மா பேசினேன்?"

நான் கேட்டதும் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

அவள் என்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த வேற்றுக்கிரகவாசிக்குத் தோல் தைத்தவனே பிரவீன்தான். படம் முடிந்து திரையில் அவன் பெயர் வரும்போது எல்லோரும் கைதட்ட வேண்டும், தோல்காரரான அப்பா ஆச்சரியத்தில் வாய் பிளக்க வேண்டும் என்று ஏற்பாடு. என் மனைவி எஸ்தருக்குக்கூடத் தெரியும். நான் வாயை முன்கூட்டியே பிளப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தியேட்டரில் பாதிப் பேர் டேனரி ஆட்களும் செருப்புக் கம்பெனி ஆட்களும். எனக்குப் பின் வரிசையில், எங்கள் டிரம் மேஸ்திரியாக இருந்த சலீம் பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். பாதுகாப்புக்காக எனக்கும் ரோஸ்லின் அம்மாவுக்கும் நடுவே எஸ்தரையும் ஷைனியையும் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் பிரவீன்.

படம் தொடங்கியது. வறண்ட ஏரி ஒன்றில் பெரிய உருண்டை வந்து இறங்கியது.

"நல்லவேள பாலாத்துல எறங்கல. தண்ணி இல்லன்னு அப்பிடியே திரும்பிப் போயிருப்பான்" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

உருண்டை திறந்து, கருநீல நிறத்தில் எட்டடி உயரத்துக்கு அது வெளியே வந்தது. என் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "பாவம், எவ்ளோ தூரத்துலருந்து வந்துக்குது, சாப்ட்டுச்சோ இன்னாவோ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதாநாயகி ஒரு விஞ்ஞானி. துப்பாக்கியோடு நின்ற ராணுவத்தைத் தாண்டிப் போய் அதன் முன்னால் நின்றாள். இசை நின்றது. அது மெல்லக் கையை நீட்டியது. அவள் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். திரை முழுக்க அந்தக் கையின் தோல். தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சலீம் பாய் முன்னால் சாய்ந்து என் காதருகே வந்தார். "சார், இன்னா சார் தோலு இது? வெள்ளாடா, செம்மறியா?"

முப்பது வருடப் பழக்கம். பாய் கேட்டால் நான் தரம் சொல்வேன். அதுவும் ரகசியமாகத்தான் சொன்னேன்.

"தோலே இல்ல பாய். ரெக்சின்."

கடைசி வரிசைவரை கேட்டது. அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். "உண்ணி கடிச்ச தழும்பு ஒண்ணு இல்ல, முள்ளு கீறல் ஒண்ணு இல்ல. எந்தக் கிரகத்துல மேஞ்சாலும் ஒரு முள்ளுகூடவா குத்தாது?"

அவ்வளவுதான், தியேட்டர் வெடித்தது.

"சார் சொன்னா கரெக்டுதான்பா."

"மூட்டுக்கிட்ட பாரு சார், தையல் பிரியுது."

"ரிஜெக்ட் பண்ணி அனுப்புங்க சார், வந்த வண்டிலயே ஏத்திரலாம்."

இத்தனை தொழிலாளர்கள் இன்னும் என் சொல்லை மதிக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எஸ்தர் என் தொடையைக் கிள்ளினாள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதன்பின் அது திரையில் வந்தபோதெல்லாம் தியேட்டரே "ரெக்சின்" என்றது. கடைசியில் அது பூமியைப் பிரிந்து அழுதுகொண்டே போன காட்சியில், "மழையில நனையாம போப்பா, உரிஞ்சிடும்" என்று ஒருவர் வழியனுப்பினார். கண்ணைத் துடைத்த பெண்மணிகூடச் சிரித்துவிட்டார்.

படம் முடிந்து பெயர்கள் வந்தன. வேற்றுக்கிரகவாசியின் தோல் வடிவமைப்பு: பிரவீன்.

கைதட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் எஸ்தர் மட்டும் தட்டினாள். மூன்று தட்டு. அந்த மூன்றும் என் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். ஷைனியின் கண்கள் சிவந்திருந்தன. தட்டில் விழுந்த பிரியாணியை எல்லோரும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். ரோஸ்லின் அம்மா சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் முடிவில் இருந்தார் என்று தெரிந்தது.

கை கழுவிவிட்டு வந்த பிரவீன், பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து என்னிடம் நீட்டினான். "அங்கிள், அந்தக் கைக்குத் தெச்சதுல மீந்த பீஸு. படம் முடிஞ்சதும் ஒங்களுக்குக் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்." அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

விரல் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளாடு. மெத்தென்ற, அருமையான வெள்ளாடு.

"மேல சிலிகான் பூசினோம், ஈரமாத் தெரியறதுக்கு. அதான் அப்டி மின்னிச்சு" என்றான்.

"எங்க வாங்கினீங்க தம்பி?"

"ஒங்க டேனரிலதான். ஷைனி அப்பா வேல பாத்த எடத்துலயே வாங்கணும்னு போனேன். கருநீலம், ஏதோ ஆர்டர் ரத்தாகிக் கெடங்குல கெடந்துச்சாம்."

ஒரே ஆர்டருக்குப் பதனிட்ட தோலை லாட்டு என்போம்; கருநீல லாட்டு ஒன்றே ஒன்றுதான் அப்படித் தங்கியது. நான் ஓய்வு பெறும் முன் கடைசியாகப் பிரித்த லாட்டு. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் கறாரானவன் என்று, உண்ணித் தழும்பும் முள் கீறலும் இருந்த ஒவ்வொன்றையும் நானே ஒதுக்கினேன். இது முதல் தரம். தழும்பு இல்லையே என்று நான் கேலி செய்த தோலில் தழும்பு இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

இது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நல்ல தோல் தம்பி என்று சொல்லிச் சுருட்டி வைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஷைனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது நான் பாஸ் பண்ண தோலு" என்றேன். "மொத தரம்னு நானே பொறுக்கி வெச்சேன். இன்னிக்கி நானே ரெக்சின்னு சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பு. சொன்ன எடமும் தப்பு. மன்னிச்சிரு."

வாழ்க்கையில் முதன்முறையாக என் குரல் சன்னமாக வந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று எஸ்தர் திரும்பச் சொல்லச் சொன்னாள். (வேண்டுமென்றே கேட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.) திரும்பவும் சொன்னேன்.

ரோஸ்லின் அம்மா அந்தத் தோலை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"அப்ப ஒன் மேல தப்பு இல்லடா. செலக்ஷன் நம்ம சம்பந்தியோடது."

சம்பந்தி. எஸ்தர்தான் முதலில் கவனித்தாள். உடனே இன்னும் ஒரு கரண்டி பிரியாணி எடுத்து அவர் தட்டில் வைத்தாள். பஸ் போய்விட்டது.

கல்யாணத்துக்கு வந்த சலீம் பாய் மாப்பிள்ளையின் சட்டையைத் தொட்டுப் பார்த்து என்னிடம் கண்ணடித்தார். இப்போதெல்லாம் சேர்ந்து படத்துக்குப் போனால், தியேட்டர் வாசலில் சம்பந்தியம்மா என் கையில் ஒரு பெரிய கமர்கட்டைத் தருகிறார். இடைவேளைவரை அது வாயிலேயே இருக்க வேண்டும்.

போன வருடம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி அறையில் பிரவீன் அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் என் மடியில் வைத்தான்.

"பாத்துச் சொல்லுங்க மாமா. ஒரிஜினலா, ரெக்சினா?"

துணியை விலக்கிப் பார்த்தேன். இடது தொடையில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

"தழும்பு இருக்கு. ஒரிஜினல்" என்றேன், ரகசியமாக.

பக்கத்து அறையிலிருந்து ஒரு பாட்டியம்மா குழந்தையோடு வந்து நின்றார். "எங்களுதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."