விலைபோகாத நிலையமும் விலைபோன புல்வெளியும்

பிரியமுள்ள லோரெட்டா அக்காவுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து தம்பி டுவெய்ன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் வாடாமலிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

அப்பா நமக்குப் பாதிப்பாதியாக விட்டுப்போன ஏ.எம். வானொலி நிலையத்தை "தலைமுழுகித் தொலைடா" என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே, அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம். முதலில் தரகர் பிங்கம் வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இத வாங்க ஆளே கெடையாது சார், இது நிக்குற நெலத்துக்குன்னா நாளைக்கே ஆளு இருக்கு" என்றார். மனசு கேட்காமல் சபைக்குத் தானமாகக் கொடுக்கப் போனேன், போதகர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்காக ஜெபம் பண்றேன், ஆனா கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். இதற்குள், கோபுரத்தடியில் புல் மேய விட்டிருந்த ஆடுகள் ஒலிபரப்புக் கம்பியைக் கடித்துவைக்க, மக்காச்சோள விலை சொல்லிக்கொண்டிருந்த என் குரல் பாதியில் நின்றுவிட்டது. நின்றது எனக்கே தெரியாது. வானிலை, மரணச் செய்தி எல்லாவற்றையும் சுவருக்கே வாசித்து முடித்தேன்.

அப்புறம்தான் அக்கா, அதிசயம். கதவைத் திறந்தால் பாதி ஊர் நிற்கிறது. அஞ்சலகத்து மாவிஸ், துக்க வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் சுடச்சுட உருளைக்கிழங்கும் கறியும் ஏந்தியபடி, "நீ போய்ட்டேன்னுல்ல நெனச்சோம்!" என்று அழுதாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"இவ்ளோ பாசம் இருக்குல்ல, ஒரு விளம்பரம் குடுத்தா என்னய்யா?" என்று பன்றிப் பண்ணை கர்ட்டைக் கேட்டேன்.

"நீதான் தெனமும் என் பேரச் சும்மாவே சொல்றியே, அப்புறம் எதுக்குக் காசு?" என்றான்.

நியாயம்தானே! சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். இந்த அன்பே போதும் என்ற நிறைவோடு, நீ போட்டனுப்பிய கையெழுத்தை வைத்து நிலத்தைக் கிடங்கு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டேன். கோபுரம் சாய்ந்தபோது எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கோ தலையிலிருந்து ஒரு மலை இறங்கியது. எல்லாம் உன் புண்ணியம். இனி செத்தாலும் மைக்கைத் தொடமாட்டேன்.

உன் வீடு நிறையட்டும், அத்தானின் சர்க்கரை குறையட்டும்.

என்றும் நன்றியுள்ள தம்பி,
டுவெய்ன்

பி.கு.: பக்கத்து ஜில்லா வானொலிக்காரர் நேற்று வந்து அழுதார். அவருடையதையும் யாரும் வாங்கவில்லையாம். பழைய டிராக்டர் விலைதான் கேட்டார். அவ்வளவு மலிவை விட மனசு வரவில்லை. நிலம் விற்ற பணத்தில், கரண்டு பில் பாக்கி போக மிஞ்சிய என் பங்கு போதாமல் உன் பங்கையும் போட்டு வாங்கிவிட்டேன். நிலையத்துக்கு உன் பெயர்தான். அத்தானிடம் மட்டும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.