பதினொரு கைப்பட்டைகளும் ஒரு முழங்காலும்

கண்ணுங்களா, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். மனித குலம் கண்டதிலேயே மிக ஆரோக்கியமான அலுவலகத்தின் வரலாற்றைச் சொல்லப்போகிறேன். உட்கார்ந்தே கேட்கலாம், உட்காருவதன் அருமை போகப் போகத் தெரியும்.

நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஊழியர்கள் பதினொரு பேரும் உச்சி மாடியில், கோப்புகள் எல்லாம் கீழ்த்தளத்தில். நடுவே ஃபைல் அக்கா. கேட்ட கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏறுவார், இறங்குவார். வலது முழங்கால் எப்போதும் வீங்கியிருக்கும்.

மேலாளர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ப் புது மனிதராகத் திரும்பினார். அன்றே "உடல்நல இலக்கு நிர்ணயக் குழு" பிறந்தது. ஆளுக்கு ஒரு படிவம், காலடிகளை எண்ணி அவரவர் கைபேசிக்குச் சொல்லும் ஒரு கைப்பட்டை. பதினொரு பேரும் "தினமும் பத்தாயிரம் காலடி" என்று அழகான கையெழுத்தில் எழுதினார்கள். ஃபைல் அக்கா தற்காலிக ஊழியர் என்பதால் படிவம் மட்டும், பட்டை இல்லை. அவர் எழுதியது: "வேலைக்கு நடுவில் கொஞ்சம் உட்கார ஒரு நாற்காலி."

குழு இதை ஆழ்ந்து பரிசீலித்தது.

"உட்காருறது உடம்புக்கு எவ்வளவு கெடுதல்னு தெரியுமா அக்கா?" என்றார் மேலாளர், நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"தெரியலை சார். உட்கார்ந்து பார்த்தாத்தானே தெரியும்."

மறுநாள் மாலை பட்டைகளைப் பார்த்தார்கள். அதிகபட்சம் எழுநூறு, அதுவும் சாப்பாட்டு அறைக்குப் போய் வந்தது. அப்போதுதான் தட்டச்சு செய்யும் அம்மாவுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது.

"அக்கா, எப்படியும் கீழே போறீங்க. என் பட்டையையும் கையில கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்."

வாரக் கடைசியில் அக்காவின் கைகளில் பதினொரு பட்டைகள். மேலாளர் மட்டும் முறை தவறவில்லை. "என்னோடதை எல்லாத்துக்கும் மேல கட்டுங்க. பதவிக்குன்னு ஒரு வரிசை இருக்கில்ல."

பதினொரு பேரும் ஒரு காலடிகூட வித்தியாசமில்லாமல் நடந்ததாக அறிக்கை போனது. "இதுவல்லவோ ஒற்றுமை" என்று நெகிழ்ந்த தலைமையகம், இலக்கைப் பதினைந்தாயிரம் ஆக்கியது. ஊழியர்கள் அசரவில்லை. கடுமையாக உழைத்தார்கள்.

"அக்கா, ஒரு ஃபைல் எடுத்துட்டு வாங்க."

"எந்த ஃபைல்மா?"

"எதுன்னாலும் சரி. வந்ததும் திருப்பிக் கொண்டுபோய் வெச்சிடலாம்."

ஒரு மதியம் முதல் மாடித் திருப்பத்தில் முழங்கால் மடங்கி, அக்கா படியிலேயே சரிந்தார். எழுந்திருக்க முடியவில்லை. சரியாக ஒரு மணி நேரம் கழித்துப் பட்டைகள் அதிர்ந்தன. மேலே பதினொரு கைபேசிகளிலும் ஒரே செய்தி: "வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்." அலுவலகமே படியிறங்கி ஓடியது. அன்றுதான் எல்லோரும் உண்மையிலேயே நடந்தார்கள். பாவம், எண்ணுவதற்கு ஒருவர் கையிலும் பட்டை இல்லை.

"என்னக்கா ஆச்சு? பட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லைம்மா. முட்டிதான்."

"அப்பாடா."

விருது வந்தது. அயராமல் நடந்த பதினொரு பேருக்கும் முதுகுக்கு இதமான சுழல் நாற்காலி. பழைய நாற்காலிகள் வராந்தாவில் கவிழ்ந்து கிடந்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டார்:

"சார், அதுல ஒண்ணு..."

"அது கழிவுப் பொருள் அக்கா. உங்களைப் போய் அதுல உட்கார வைப்போமா? எங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

ஆண்டறிக்கை இப்படி முடிந்தது: "இலக்கை எட்டியவர்கள் பதினொருவர். எட்டாதவர் ஒருவர்." அந்த ஒருவருக்கு உடல்நலத்தில் அக்கறை போதாது என்று மறுமாதம் வேலை போனது. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆக, அவருடைய இலக்கையும் அலுவலகமே நிறைவேற்றிவிட்டது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் தட்டச்சு அம்மா நான்தான். சுழல் நாற்காலி இன்னும் கிறீச்சிடாமல் சுழல்கிறது.

கண்ணுங்களா, உங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல் வாழட்டும். உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் இருக்கட்டும். உங்கள் கணக்கில் ஏறுகிற காலடி, உங்கள் காலுடையதாகவே இருக்கட்டும்.